யானை போன தெருவில் ஒரு நந்தி

என் நாள்குறிப்பேடுகளில் 1958ஆம் ஆண்டுக்கு உரியது நீல அட்டை போட்டது. அதில் ஜூன் மாதத்துப் புதன்கிழமை ஒன்றுக்கு ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறேன். முழுக்க யானையைப் பற்றி. அதன் நெற்றியில் பூசியிருந்த சாயத்தின் நிறம் இருக்கிறது. பாகன் எந்தக் காதில் கடுக்கன் போட்டிருந்தான் என்பது இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே அது நான்கு நிமிடம் நின்றது என்றும் இருக்கிறது. அன்று என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அம்மாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அப்போது நான் காஜா பேராங் சாலையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த மனு எழுதும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மொத்தம் மூன்று பேர். முதலாளி, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வந்தவர்களை விசாரித்துக் குறிப்பெடுத்து வரைவு எழுதுவது என் வேலை. வரைவைத் தட்டச்சில் அடிப்பது ஒரு பெண்ணின் வேலை. என்னைவிட ஆறேழு வயது இளையவர்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் ஹேவிளம்பி வருடம் ஆவணியில் வந்தது. அதற்குப் பிந்தைய ஓராண்டு முழுவதும் எங்கள் மரப்படிகளில் காலடி ஓயவில்லை. இந்த நாட்டில் பிறக்காதவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யவேண்டியிருந்தது. நாற்பத்தைந்து வயது நிரம்பியவர்கள் அந்த ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வு கிடையாது. வயது ஒன்று குறைந்தாலும், நாள் ஒன்று தாண்டினாலும் அதிகாரியின் முன்னால் நின்று பரீட்சை கொடுத்தாக வேண்டும். ரப்பர் பால் வெட்டியே கை காய்த்துப்போன ஒருவருக்கு அந்த வயது எண் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எண்ணாக வயது சொல்கிறவர்கள் குறைவு. தோட்டங்களிலிருந்து வந்தவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால், விரோதிகிருது என்பார்கள், சாதாரண என்பார்கள், ஆனந்த வருசம் ஆடி என்பார்கள். அடையாள அட்டையில் வயது இருக்கும்தான். ஆனால் அது பெரும்பாலும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முகத்தைப் பார்த்து மதிப்பாகப் போட்டதாக இருக்கும். அறுபது வருடங்களையும் ஆங்கில ஆண்டாக மாற்றுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பஞ்சாங்கம் வேண்டாம், விரலும் வேண்டாம். பிரபவ 1867. அங்கிருந்து எத்தனையாவது வருடமோ அதில் ஒன்று குறைத்துக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு மேலும் ஒன்று கூட்டவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வருடத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நான் ஆண்டைச் சொல்வதைப் பார்த்துப் படியில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

தட்டச்சு செய்த பெண்ணிடம் யாரும் அப்படி வியந்து நான் பார்த்ததில்லை. சாலைக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் உள்ள சிட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழி. நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை. கோயில் திருவிழா ஒன்றுகூடத் தப்பாது, ஆனால் தமிழ் பேச வராது. வீட்டில் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அண்ணே, அக்கா என்று சில உறவுச் சொற்கள் மட்டும் மிச்சம்.

அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் கை விசைகளை விட்டு நகராது. கண் தாளை விட்டு நகராது. வாய் மட்டும், "நந்தி" என்று சொல்லும். மலாயில் 'பொறு, பிறகு' என்று பொருள். குரலில் சலிப்பு இருக்காது, மன்னிப்பும் இருக்காது. வரி முடிந்து மணி அடித்த பிறகும் திரும்பமாட்டார். அந்தப் பத்தி முடியவேண்டும், புள்ளி விழவேண்டும். அப்புறம் வரைவில் விட்ட இடத்தில் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு, நாற்காலியோடு திரும்பி, "யா, அண்ணே?" என்று முகத்தைப் பார்ப்பார். அதுவரை தாளுக்குக் கொடுத்திருந்ததை அப்படியே எடுத்து நமக்குக் கொடுப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் கேட்கவந்த சில்லறைக் கேள்வியை நான் பல தடவை விழுங்கியிருக்கிறேன்.

முதலாளிக்கும் அதே நந்திதான். முதல் மாதம் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தச் சொல்லை வைத்தே விளையாட ஆரம்பித்தார். அதற்குக் காரணம், காரைக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து ஒரு செட்டியார் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்த மனிதர். மலாய் இன்னும் காதில் ஏறாதவர். தன் மனு முடிந்ததா என்று அவர் கேட்க, இந்தப் பெண் நிமிராமல் "நந்தி" என்றார். அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார், ஏதோ சந்நிதிக்குக் குறுக்கே நின்றுவிட்டவர் போல.

"திரும்பாதீங்க சாமி," என்றார் முதலாளி. "நந்தி உங்க முன்னாலதான் உக்காந்திருக்கு. நாங்களே இன்னும் தரிசனத்துக்குக் காத்துக்கிட்டுதான் இருக்கோம்."

படியில் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். பத்தி முடிந்ததும் அவர் என்ன சிரிப்பு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோயிலில் நந்தியைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பதாகவும், அது யாரையும் மறைப்பதற்காக உட்காரவில்லை, அது எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது என்றும் மலாயில் சொல்லிவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினார்.

இனி அந்தப் புதன்கிழமை.

புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் அம்மாள் பஸ் பிடித்து வந்திருந்தார். எட்டு வயதில் தாயோடு கப்பலில் வந்தவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டு மகன்களும் இங்கே பிறந்தவர்கள். சூராட் என்னும் பத்திரம் இல்லாதவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தொழிலாளர் லயத்தில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "அங்க எறங்கினா எனக்கு யாரு தம்பி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பிறந்த வருடம் கேட்டேன். "பரிதாபி வருசம் தை மாசம். பூசத்துக்கு மறுநா. எங்க ஆத்தா சொல்லும்."

பரிதாபி நாற்பத்தாறாவது. 1867உடன் நாற்பத்தைந்து, 1912. தை மாதம், ஆகவே ஒன்று கூட்டினால் 1913. வரைவின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். வயது நாற்பத்தைந்து நிரம்பியாயிற்று, தேர்வு இல்லை. அதைச் சொல்ல வாய் திறந்தபோது மணியோசை கேட்டது.

யானை வரும் பின்னே என்று பழமொழியில் படித்ததுதான். மணியோசையை முதலில் கேட்டு யானையைப் பிறகு பார்த்தது அன்று ஒரு நாள்தான். கீழே சைக்கிள் கடைச் சீனர் "காஜா! காஜா!" என்று கத்தினார். தெருவின் பெயரே சினங்கொண்ட யானை என்பதால், யாருக்கோ முகவரி சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊருக்கு வந்திருந்த சர்க்கஸ் கூடாரத்து யானை அது. கடைக்காரர் டியூப்பில் ஓட்டை பார்க்க வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் துதிக்கையை விட்டுக் குடித்தது. அலுவலகம் முழுவதும் ஜன்னலில். முதலாளி கோட்டோடு சட்டத்தில் ஏறக்குறையத் தொங்கினார். "தங்கச்சி, வந்து பாரு" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"நந்தி," என்ற குரல் வந்தது. அதன் பின்னால் விசைகளின் ஓசை, முன்பிருந்த அதே வேகத்தில்.

யானை போனது. நான் மேசைக்குத் திரும்பினேன். உடம்பு திரும்பியது என்று சொல்வதே சரி. கண்ணுக்குள் இன்னும் அந்தத் தொட்டியும் துதிக்கையும். கணக்கின் எந்த இடத்தில் எழுந்தேன்? தை மாதம் என்பது நினைவிருந்தது, தைக்கு ஒன்று கூட்டவேண்டும் என்பது நினைவிருந்தது. கடைசியாக எழுதியிருந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினேன். 1914. வயது நாற்பத்துநான்கு என்று வரைவில் எழுதித் தட்டச்சுக்கு வைத்தேன். நாற்பத்தைந்து என்று மனத்தில் மகிழ்ந்தவன் நாற்பத்துநான்கு என்று எழுதுகிறோமே என்ற உறுத்தல்கூட எனக்குள் எழவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய் ஒன்றேகால் பக்கம் எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம் வியாழக்கிழமை அந்த அம்மாள் மறுபடி படியேறி வந்தார். கையில் ஒரு கடிதம், வியர்வையில் நனைந்திருந்தது.

"தம்பி, என்னமோ சூராட் வந்திருக்கு. எங்க கிராணி படிச்சிட்டுப் பரீட்சைங்கிறாரு. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்லையே. பசார்ல விலை கேக்கிற மலாய்தான் எனக்குத் தெரியும். அதிகாரி முன்னால நின்னா எனக்குத் தமிழே வராது."

அதிகாரிகள் தவறு செய்திருக்கிறார்கள் என்று உடனே சொன்னேன். அதை நான் முழுதாக நம்பினேன். நான் பேசி முடித்த பிறகுதான் பின்னால் விசைகளின் ஓசை நின்றது. தட்டச்சுப் பெண் எழுந்து அலமாரிக்குப் போய், கார்பன் பிரதியோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்த என் வரைவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் பென்சில் எண்கள். முதல் இரண்டு வரி நிதானமான என் கையெழுத்து. மூன்றாவது வரி சாய்ந்து, அழுத்தமாக, அவசரமாக, வேறொருவன் எழுதியதுபோல. பிழை என்னுடையது. அதை அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தார்.

முதலாளி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அறுபது வருசமும் தெரியும் ஐயாவுக்கு. ஒண்ணு கூட்டியாச்சுங்கிறது மட்டும் தெரியாது."

அந்த அம்மாள் எங்கள் மூவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆகவே எங்களுக்கு இருந்த கடைசி நாள் சனிக்கிழமை, அதுவும் அரை நாள். தாயின் பெட்டியில் ஜாதகக் குறிப்பு ஒன்று இருப்பதாக அம்மாள் சொன்னார். அதைக் கொண்டுவர வேண்டும், நான் மொழிபெயர்க்க வேண்டும், முந்தைய மனுவில் பிழை நேர்ந்த விதத்தை விளக்கி உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும், புது மனு அடிக்க வேண்டும். முதலாளி அவரை அழைத்துப்போய்ச் சத்தியம் செய்வித்துப் பகல் ஒரு மணிக்குள் குடியுரிமை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இதில் மறுபடி ஓர் எண் தவறினால் திருத்த அடுத்த நாள் என்று ஒன்று இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்ன அம்மாள் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. பஸ் வழியில் நின்றுவிட்டதாம். மஞ்சள் துணியில் சுற்றிய மில்க் டின்னுக்குள் மடித்த காகிதம். மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது.

மறுநாள் மெர்டேக்காவின் முதலாண்டு நிறைவு. தெருவுக்கு அன்றே திருவிழா. கீழே பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழு ஒத்திகைக்காகப் போவதும் வருவதுமாக இருந்தது. லாரியில் ஒலிபெருக்கி. கடைக்காரர்கள் தெருவுக்குக் குறுக்கே காகிதக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன். நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டேன். பிரபவ 1867 என்று எழுதி ஒரு கோடு போட்டேன். செய்து முடித்த ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு. கோடு விழுந்ததைத் திரும்பச் செய்வதில்லை, கோடு விழாததைச் செய்ததாக எண்ணுவதில்லை.

இரண்டாவது கோடு போட்டபோது என் தலைக்குப் பின்னால் ஒரு குரல். "அண்ணாச்சி, இந்த நுனியைக் கொஞ்சம் புடிங்க." ஏணி வைத்து ஏறி எங்கள் ஜன்னலுக்கே வந்துவிட்டான் ஒருவன், கையில் கொடிக் கயிறு. சாதாரண நாளாக இருந்தால் பிடித்திருப்பேன், அவன் எந்த ஊர் என்று கேட்டிருப்பேன், கொடிகள் எத்தனை என்று எண்ணியிருப்பேன்.

"நந்தி," என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரிந்தது, அது எப்படி வந்தது என்பது தெரியவில்லை. அவன் கயிற்றோடு நின்றான். சற்றுப் பொறுத்து முதலாளி மணி என்ன ஆச்சு என்று கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். அவர் எழுந்து போய் அந்தக் கயிற்றின் நுனியைத் தானே பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம். தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். 'பரிதாபி' தெளிவாக இருந்தது. 'தை' மடிப்பில் பாதி போயிருந்தது. காகிதத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து மையின் தடத்தைப் பார்த்து உறுதி செய்தேன். சத்தம் நிற்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் நடப்பதுபோல. நான் ஒரு தாளை நீட்ட, பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். ஒரு தடவை நிமிர்ந்தபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் படிக்கத் தெரியாத அவர், என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுவதும் வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாளில் அந்த அறையில் மூன்று பேர் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அமைதி எனக்குப் பயமாகக்கூட இருந்தது. இந்தப் பெண் இத்தனை நாளும் இதற்குள் அல்லவா உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மேசைதான், ஆனால் அது இருந்த இடம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு முதலாளியும் அம்மாளும் ரிக்‌ஷாவில் ஏறினார்கள். எங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அப்போதுதான் தட்டச்சுப் பெண்ணிடம் கேட்டேன். அன்று எல்லோரும் ஓடியும் நீங்கள் மட்டும் யானையைப் பார்க்க வராமல் எப்படி இருந்தீர்கள்?

அவர் என்னைப் பார்த்தார். "காஜா? பீலா, அண்ணே?"

யானையா, எப்போது என்று கேட்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். நாளைச் சொன்னேன், கிழமையைச் சொன்னேன், முதலாளி கூப்பிட்டதைச் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்துவிட்டு முகம் தெளிந்தார். நினைவு வந்துவிட்டது, ஆனால் யானை அல்ல. அன்று ஒரு மீனவரின் மனு அடித்துக்கொண்டிருந்தாராம், பதினொரு பிள்ளைகள், ஒன்பதாவது பிள்ளையின் பெயர் மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் இருந்ததாம். பிறப்புப் பத்திரத்தை எடுத்து ஒப்பிட்டுத் திருத்தினாராம். அந்த இரண்டு எழுத்துக் கூட்டலையும் எனக்குச் சொல்லிக் காட்டினார். நான்கு நிமிடம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்ற ஒரு யானை அவர் வாழ்க்கையில் வரவே இல்லை. உலக வரலாறுகளை வரிசையாகப் படித்தவன் நான். போர்களையும் முடிசூட்டுகளையும் ஆண்டுவாரியாகச் சொல்வேன். அவற்றில் எதுவும் என்னை அன்று அந்தப் பெண்ணின் "பீலா" போல வாயடைக்கச் செய்ததில்லை.

ஒன்றேகால் மணிக்கு முத்திரை குத்திய ரசீதோடு முதலாளி படியேறி வந்தார். கோட்டு தோளில் கிடந்தது. அதை அவர் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைய நாள்குறிப்பில் இரண்டே வரி. பரிதாபி வருடம் தை மாதம், அதாவது 1913 ஜனவரி, மனு சேர்ந்தது. வாத்தியக் குழு என்ன வாசித்தது என்று எழுத இடம் விட்டிருக்கிறேன். பிறகு மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில் சொன்னார்கள். அந்த இடம் இன்றுவரை காலியாக இருக்கிறது.

மறுவருடம் பொங்கல் கழிந்து அந்த அம்மாள் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய சான்றிதழ். தேர்வு எதுவும் வைக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அத்தனை நாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னேன். பிழை அதிகாரிகளுடையது அல்ல, என்னுடையது. யானை வேடிக்கை பார்த்ததில் வந்தது.

அவர் சிரித்தார். "நானுந்தான தம்பி ஓடியாந்து பாத்தேன். ஒங்க பின்னாலதான நின்னேன். தோள் மறைக்குது, கொஞ்சம் வெலகுங்கன்னுகூடச் சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

சான்றிதழை எடுத்துக்கொண்டு தட்டச்சு மேசைக்குப் போய், "பாரும்மா" என்று நீட்டினார்.

"நந்தி."

அம்மாள் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். வரி முடிந்து மணி அடித்தது. அடுத்த வரி. அடுத்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி விழுந்தது, பென்சில் படுத்தது, நாற்காலி திரும்பியது. அந்தப் பெண் இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கி மடியில் வைத்து, தலைப்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை நகர்த்தி, பிறந்த ஆண்டில் சற்று நின்று, கடைசியில் இருந்த அச்சகத்துச் சிறிய எழுத்துவரை படித்து முடித்தார். பிறகு நிமிர்ந்து அம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

"பெத்துல்," என்றார். எல்லாம் சரி.